ரோ மேசானிலிருந்து தொடங்குங்கள்: ஐந்து பரிமாண ஈர்ப்பைக் கொண்டு வலிய அணுக்கரு விசையைக் கணக்கிட முழுமையான வழிகாட்டி

குவார்க்குகளைப் புரோட்டானுக்குள்ளும் மேசானுக்குள்ளும் (ஒரு குவார்க்கும் ஓர் எதிர்க்குவார்க்கும் சேர்ந்த துகள்) கட்டிவைத்திருப்பது வலிய அணுக்கரு விசை. அதன் கோட்பாடான குவாண்டம் குரோமோடைனமிக்ஸை, சுருக்கமாக க்யூசிடியை, ஒரே வரியில் எழுதிவிடலாம். ஆனால் அந்த வரியிலிருந்து ஒரு மேசானின் நிறையைக் காகிதத்தில் வருவிக்க முடியாது. ஆற்றல் குறையக் குறைய விசை வலுக்கிறது, நமக்குப் பழக்கமான தோராய முறைகள் அங்கே கைவிடுகின்றன.

ஹோலோகிராஃபிக் மாதிரி இதற்கு ஒரு மாற்று வழி. நான்கு பரிமாணத்தில் வலுவாகப் பின்னிக் கிடக்கும் துகள்களை, ஒரு பரிமாணம் கூடுதலாக உள்ள வளைந்த காலவெளியில் மென்மையாக அசையும் புலங்களாக மாற்றி எழுதுகிறோம். மேசான் அங்கே ஒரு நிலையலை. வீணைக் கம்பியின் அதிர்வெண்ணைக் கணக்கிடுவது போல அதன் நிறையைக் கணக்கிடலாம்.

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும், இந்த வழி பிறந்த இடமான சரக் கோட்பாட்டிலிருந்து (ஸ்ட்ரிங் தியரி) இறங்கி வரப் பார்க்கிறார்கள். மூன்று மாதம் கழித்தும் அவர்கள் கையில் ஓர் எண் இருப்பதில்லை. இந்த வழிகாட்டி எதிர்த் திசையில் போகிறது: ஒரே ஒரு மேசான், ஒரே ஒரு எண், அப்புறம் மெதுவாக மேலே.

## 1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

பெட்டிக்குள் அடைபட்ட துகளுக்கு ஷ்ரோடிங்கர் சமன்பாட்டைத் தீர்த்த அனுபவம் வேண்டும். சிறப்புச் சார்பியலின் மெட்ரிக்கை எழுதத் தெரிய வேண்டும். ஒரு புலத்தின் ஆக்‌ஷனிலிருந்து இயக்கச் சமன்பாட்டை எடுக்கத் தெரிய வேண்டும். பெசல் சார்புகளை ஒருமுறையாவது பயன்படுத்தியிருந்தால் நல்லது. பைத்தானும் அதன் நம்பை, சைபை நூலகங்களும் கணினியில் இருக்கட்டும்.

சரக் கோட்பாடும் சூப்பர் சமச்சீரும் இந்த அளவுக்குத் தேவையில்லை. பொதுச் சார்பியலில் கூட, கொடுக்கப்பட்ட மெட்ரிக்கில் ஒரு புலத்தின் சமன்பாட்டை எழுதத் தெரிந்தால் போதும். ஐன்ஸ்டைன் சமன்பாட்டைத் தீர்க்கும் வேலை கடைசிப் படி வரை வராது.

இன்னொன்றும் அவசியம்: ஒரு நோட்டு. ஒரு பக்கத்தை இரண்டாகப் பிரித்து, இடப்புறம் செலவு, வலப்புறம் வரவு என்று தலைப்பிடுங்கள். சோதனையிலிருந்து நீங்கள் மாதிரிக்குள் போடும் ஒவ்வோர் எண்ணும் செலவு. மாதிரி தானாகத் திருப்பித் தரும் எண்ணே வரவு. இந்தக் கணக்கை எழுதாதவர்கள்தான், தாங்களே போட்ட எண் திரும்பி வந்ததைக் கண்டுபிடிப்பு என்று நினைத்து மகிழ்கிறார்கள்.

## 2. எந்தக் கேள்விக்கு இந்த வழி என்று முதலில் பாருங்கள்

ஈர்ப்புப் பக்கத்துக் கணக்கு எளிதாவதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. குவார்க்கின் நிறங்களின் (வலிய விசைக்கு மின்னூட்டம் போன்ற பண்பின் வகைகள்) எண்ணிக்கை மிகப் பெரியதாக இருக்க வேண்டும். இணைப்பு வலுவாக இருக்க வேண்டும். இயற்கையில் நிறங்கள் மூன்றுதான். மூன்றைப் பெரிய எண்ணாகக் கொள்வதால் வரும் பிழை எங்கெல்லாம் தலைகாட்டும் என்பதை நினைவில் வைத்தே வேலை செய்ய வேண்டும்.

நேரடி விளைவு ஒன்று: இந்த மாதிரியில் மேசான்கள் சிதைவதில்லை. உண்மையான ரோ மேசான் சுமார் 149 எம்இவி (மில்லியன் எலக்ட்ரான் வோல்ட்) அகலம் கொண்டது, பிறந்த கணமே மிக இலேசான மேசான்களான இரண்டு பையான்களாக உடைந்துவிடும். மாதிரியில் அது கூர்மையான ஒற்றைக் கோடு. அகலம் வேண்டுமென்றால் தனியாக ஒரு இணைப்பெண்ணைக் கணக்கிட்டு, அதிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

நிறைகள், சிதைவு மாறிலிகள், இணைப்பெண்கள், குவார்க்குகளும் அவற்றைப் பிணைக்கும் குளுவான்களும் கலந்த பிளாஸ்மாவின் பாகுத்தன்மை ஆகியவற்றுக்கு இந்த வழி பொருந்தும். உயர் ஆற்றல் மோதலில் குவார்க்குகள் சுதந்திரமாகச் சிதறும் விவரங்களுக்குப் பொருந்தாது. அங்கே இணைப்பு பலவீனம். பழைய தோராய முறைகளே சரியானவை.

## 3. அலகும் குறியீடும்: முதல் நாளே முடிவு செய்து மாற்றாமல் இருங்கள்

கூடுதல் பரிமாணத்தின் ஆயத்தை ழ என்று எழுதுகிறேன், ஆழம் என்பதன் நினைவாக. நாம் வாழும் நான்கு பரிமாணம் ழ = 0 என்ற எல்லையில் இருக்கிறது. ழ கூடக் கூட உள்ளே இறங்குகிறோம்.

ஒளியின் வேகத்தையும் பிளாங்க் மாறிலியையும் 1 என்று வையுங்கள். அப்போது ழ-வின் அலகு ஆற்றலின் தலைகீழ். ஆழம் சிறிதென்றால் ஆற்றல் அதிகம். ஆழம் பெரிதென்றால் ஆற்றல் குறைவு. இந்த வழிகாட்டியின் ஒவ்வொரு படியிலும் இந்த வாக்கியம் உதவும். நீளமாக மாற்ற 197.3 எம்இவி-ஃபெர்மி என்ற பெருக்கெண்ணைப் பயன்படுத்துங்கள் (ஒரு ஃபெர்மி 10⁻¹⁵ மீட்டர்).

மெட்ரிக்கின் குறியில்தான் முதல் விபத்து நடக்கும். காலத்துக்குக் கூட்டல் குறியா, கழித்தல் குறியா என்பதில் இரண்டு மரபுகள் உண்டு. ஒரு கட்டுரையிலிருந்து ஆக்‌ஷனையும் இன்னொன்றிலிருந்து சமன்பாட்டையும் எடுத்துச் சேர்த்தால் நிறையின் வர்க்கம் எதிர்க்குறியில் வந்து நிற்கும். நான் காலத்துக்குக் கூட்டல் குறி வைக்கிறேன். மெட்ரிக் இது: சாதாரண நான்கு பரிமாண மெட்ரிக்கிலிருந்து ழ திசையின் வர்க்கத்தைக் கழித்து, முழுவதையும் ழ²-ஆல் வகுத்தது. இதுதான் ஆன்டி டி சிட்டர் வெளி. அதன் வளைவு ஆரத்தை 1 என்று வைத்துவிடலாம், பிறகு வரும் இணைப்பெண்ணுக்குள் அது கரைந்துவிடும்.

## 4. அகராதி: எந்த ஆபரேட்டருக்கு எந்தப் புலம்

க்யூசிடியில் நீங்கள் கேட்கும் கேள்வி ஓர் ஆபரேட்டரைப் பற்றியது. ஐந்து பரிமாணத்தில் அதற்கு ஈடாக ஒரு புலம் உண்டு. அந்தப் புலத்தின் ஐந்து பரிமாண நிறையை நாம் விருப்பப்படி தேர்ந்தெடுக்க முடியாது, ஆபரேட்டரின் ஸ்கேலிங் எண் (ஆற்றல் அலகில் அதன் அடுக்கு) அதைத் தீர்மானிக்கிறது. ஸ்கேலிங் எண்ணை ட என்றும், புலத்தின் திசைக் குறியீடுகளின் எண்ணிக்கையை ப என்றும் கொண்டால்:

ஐந்து பரிமாண நிறையின் வர்க்கம் = (ட − ப) × (ட + ப − 4)

ரோ மேசானை உண்டாக்குவது குவார்க்கின் வெக்டர் மின்னோட்டம். ஒரு குவார்க் புலத்துக்கு 3/2, எதிர்க்குவார்க்குக்கு 3/2, ஆக ட = 3. வெக்டருக்கு ப = 1. சூத்திரத்தில் போட்டால் 2 × 0, அதாவது பூச்சியம். எனவே ரோவுக்குரியது நிறையற்ற ஒரு கேஜ் புலம். க்யூசிடியில் அந்த மின்னோட்டம் அழிவதில்லை; ஐந்து பரிமாணத்தில் அதுவே கேஜ் சமச்சீராகத் தெரிகிறது. இரண்டு பக்கமும் ஒத்துப்போவதை இங்கேயே பார்த்துவிடலாம்.

குவார்க்-எதிர்க்குவார்க் ஸ்கேலாருக்கு ட = 3, ப = 0. நிறையின் வர்க்கம் −3. எதிர்க்குறியைப் பார்த்ததும் கணக்கில் தவறு என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள். தவறில்லை. இந்த வளைந்த வெளியில் −4 வரை புலம் நிலையாகவே இருக்கும்.

ஒரு விஷயத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மின்னோட்டத்தின் 3 எந்த ஆற்றலிலும் மாறாது, ஏனென்றால் அது காக்கப்படும் அளவு. ஸ்கேலாரின் 3 அப்படிப்பட்டதல்ல; உண்மை க்யூசிடியில் ஆற்றலோடு சற்று நகரும். மாதிரி அதை மாறாததாகக் கொள்கிறது. அதனால் ரோ பற்றிய விடைகளை, குவார்க் நிறை பற்றிய விடைகளைவிட அதிகம் நம்பலாம்.

## 5. சுவர் வையுங்கள்

ஆன்டி டி சிட்டர் வெளி ழ திசையில் முடிவில்லாமல் இறங்குகிறது. அப்படியே விட்டால் நிலையலை கிடைக்காது. எந்த நிறையும் அனுமதிக்கப்படும். குவார்க்குகள் அடைபட்டிருக்கின்றன என்ற செய்தியை எங்காவது சொல்லியாக வேண்டும்.

எளிய வழி, ழ₀ என்ற ஆழத்தில் வெளியை வெட்டிவிடுவது. இதைக் கடினச் சுவர் மாதிரி என்கிறார்கள். இந்த வழிகாட்டியில் நாம் பின்பற்றும் வடிவம் 2005-இல் எர்லிக், காட்ஸ், சான், ஸ்டெஃபனோவ் நால்வரும் கொடுத்தது. அதே ஆண்டு டா ரோல்டும் பொமரோலும் இதையொட்டிய மாதிரியைத் தனியாக வெளியிட்டார்கள். சுவர் ஏன் அங்கே இருக்கிறது என்று மாதிரி விளக்காது. அடைபடுதலை நாம்தான் கையால் உள்ளே வைக்கிறோம். நோட்டில் செலவுப் பக்கம் எழுதுங்கள்: ழ₀.

## 6. ரோவின் நிறை: காகிதத்தில்

கேஜ் புலத்தின் ஆக்‌ஷனை மேலே சொன்ன மெட்ரிக்கில் எழுதி, ழ திசைக் கூறு பூச்சியம் என்ற கேஜைத் தேர்ந்தால், நிறை நி கொண்ட மேசானின் ஆழ வடிவம் வ இந்தச் சமன்பாட்டுக்கு அடங்கும்:

வ″ − வ′/ழ + நி² வ = 0

இதன் தீர்வு, ழ பெருக்கல் முதல் வரிசைப் பெசல் சார்பு பெ₁(நி ழ). இரண்டாம் வகைப் பெசலை விட்டுவிடுகிறோம், ஏனென்றால் எல்லையில் வ பூச்சியமாக வேண்டும். எல்லையில் பூச்சியமாகாத பகுதி வெளியிலிருந்து நாம் கொடுக்கும் மூலத்தைக் குறிக்கும். மேசான் என்பது மூலம் இல்லாமலே தானாக ஒலிக்கும் அதிர்வு.

சுவரில் என்ன நிபந்தனை? வ′ = 0. ழ பெ₁(நி ழ)-வை வகையிட்டால் நி ழ பெ₀(நி ழ) வரும். ஆகவே பெ₀(நி ழ₀) = 0. பெ₀-வின் பூச்சியங்கள் 2.405, 5.520, 8.654.

முதல் பூச்சியத்தை ரோவின் நிறையான 775.3 எம்இவியோடு பொருத்துங்கள். 1/ழ₀ = 322.4 எம்இவி. நீளத்தில் சொன்னால் சுமார் 0.61 ஃபெர்மி. புரோட்டானின் ஆரம் 0.84 ஃபெர்மி, அளவு நியாயமான இடத்தில் விழுந்திருக்கிறது.

இப்போது கவனம்: 775.3 செலவு. வரவு அடுத்த பூச்சியத்திலிருந்துதான் தொடங்குகிறது. 5.520 × 322.4 = 1780 எம்இவி. சோதனையில் ரோவின் அடுத்த நிலை 1465 எம்இவி அருகே இருக்கிறது. பிழை 21 விழுக்காடு. மூன்றாவது 2790 எம்இவி வருகிறது, அது பயனற்றது. கடினச் சுவரில் உயர் நிலைகளின் நிறை சம இடைவெளியில் ஏறும், இயற்கையில் நிறையின் வர்க்கமே ஏறக்குறைய அப்படி ஏறுகிறது. எனவே கடினச் சுவரிடம் ஒவ்வொரு வகையிலும் முதல் மேசானை மட்டுமே கேளுங்கள்.

### இந்தப் படியில் நடக்கும் பெரிய பிழை

ஒரு மாணவி சுவரில் வ′ = 0 என்பதற்குப் பதில் வ = 0 என்று வைத்துவிட்டு என்னிடம் வந்தார். அவர் முகத்தில் மகிழ்ச்சி. காரணம் உண்டு. அந்த நிபந்தனையில் பெ₁-இன் பூச்சியங்கள் 3.832, 7.016, அவற்றின் விகிதம் 1.83. சோதனையில் 1465-க்கும் 775-க்கும் உள்ள விகிதம் 1.89. சரியான நிபந்தனை தரும் விகிதமோ 2.30. தவறான நிபந்தனைதான் நல்ல விடை தருவதாகத் தோன்றியது.

அவரிடம் ஒரே ஒரு கணக்கைப் போடச் சொன்னேன்: நி = 0 என்று வைத்து, எல்லையில் வ = 1 என்று கொடுத்துத் தீர்க்கச் சொன்னேன். பொதுத் தீர்வு ஒரு மாறிலியும் ழ²-உம் சேர்ந்தது. வ′ = 0 என்றால் வ எங்கும் 1; சிக்கல் இல்லை. வ = 0 என்றால் 1 − ழ²/ழ₀² வருகிறது, எல்லையில் வ′/ழ பூச்சியமாகவில்லை. அதன் பொருள், வெக்டர் மின்னோட்டத்தோடு இணையும் நிறையற்ற துகள் ஒன்று மாதிரிக்குள் நுழைந்துவிட்டது. மேல், கீழ் குவார்க்குகளை ஒன்றுபோல் கருதும் ஐசோஸ்பின் சமச்சீர் உடைந்துவிட்டது. இயற்கையில் அப்படி ஒரு துகள் இல்லை. எல்லை நிபந்தனையைச் சமச்சீர் தீர்மானிக்க வேண்டும், விடையின் அழகு தீர்மானிக்கக் கூடாது. ஐந்து நிமிடக் கணக்கில் இது அவருக்கே தெரிந்தது.

எல்லா வகைக்கும் சமச்சீர் இவ்வளவு தெளிவாகக் கைகொடுக்காது. குளுவான்கள் மட்டும் சேர்ந்த குளூபாலுக்கு (ட = 4, ப = 0) தீர்வு ழ² பெ₂. சுவரில் அதை மறையச் செய்தால் 5.136 × 322.4 = 1656 எம்இவி; அதன் வகைக்கெழுவை மறையச் செய்தால் 3.832 × 322.4 = 1235 எம்இவி. லாட்டிஸ் கணக்குகள் (காலவெளியைக் கட்டங்களாக்கி க்யூசிடியைக் கணினியில் தீர்ப்பவை) 1700 எம்இவி சுற்றிச் சொல்கின்றன. முதல் விடை நெருங்குகிறது என்று அதை வரவில் எழுதாதீர்கள். நிபந்தனையை விடை பார்த்துத் தேர்ந்தால் அந்தத் தேர்வும் ஒரு செலவுதான்.

## 7. அதே விடையைக் கணினியில் எடுங்கள்

காகிதத்தில் விடை இருக்கும்போதே கணினி நிரலை எழுதிச் சரிபார்ப்பது முக்கியம். அடுத்த படிகளில் காகித விடை இருக்காது; அப்போது நிரல் தவறினால் கண்டுபிடிக்க வழியில்லை.

ழ₀ = 1 என்று வையுங்கள். தொடக்கப் புள்ளியை ழ = 0.0001 என்று வையுங்கள், பூச்சியத்தில் வைக்க வேண்டாம். வ′/ழ அங்கே வெடிக்கும். எல்லையருகே வ, ழ² போலப் போகிறது. எனவே தொடக்க மதிப்பு ழ², தொடக்கச் சாய்வு 2ழ. ஒரு நி-யை ஊகித்துச் சுவர் வரை தொகையிடுங்கள், அங்கே வ′ எவ்வளவு என்று பாருங்கள். நி-யை மாற்றி மாற்றி வ′ குறி மாறும் இடத்தைப் பிடியுங்கள்.

2.4048, 5.5201, 8.6537 என்று வந்தால் நிரல் சரி. 3.83 வந்தால் தவறான அளவைச் சுவரில் பார்க்கிறீர்கள். தொடக்கச் சாய்வில் 2-ஐ மறந்தவர்களுக்கு, நாம் விட்டுவிட்ட இரண்டாம் வகைப் பெசலின் மடக்கைப் பகுதி சற்றுக் கலந்துவிடும்; தொடக்கப் புள்ளி பெரிதாக இருந்தால் விடையும் நகரும். அதனால் ஒவ்வொரு முறையும் தொடக்கப் புள்ளியைப் பத்தில் ஒரு பங்காக்கி மறுபடி ஓட்டிப் பாருங்கள்.

எல்லா எண்களையும் எம்இவியில் நிரலுக்குள் போடுபவர்கள் 0.003 போன்ற ழ₀-வோடு போராடுகிறார்கள். நிரலில் அலகற்ற எண்களே இருக்கட்டும். கடைசி வரியில் 322.4-ஆல் பெருக்குங்கள்.

## 8. இணைப்பெண்ணும் முதல் உண்மையான வரவும்

ஐந்து பரிமாண கேஜ் புலத்துக்கு ஓர் இணைப்பெண் உண்டு. அதை க என்போம். நிறைக்கு அது தேவைப்படவில்லை, சிதைவு மாறிலிக்குத் (மின்னோட்டம் மேசானை எவ்வளவு வலுவாக உண்டாக்கும் என்பதன் அளவு) தேவை. இதைச் சோதனையிலிருந்து எடுக்க வேண்டாம். உயர் ஆற்றலில் க்யூசிடியையே நம்பிக் கணக்கிடலாம்: அங்கே வெக்டர் மின்னோட்டத்தின் இணைவுச் சார்பு, மடக்கை பெருக்கல் நிறங்களின் எண்ணிக்கை / 24பை² என்று போகிறது. மாதிரி தருவது மடக்கை பெருக்கல் 1/2க². இரண்டையும் சமன் செய்தால் க² = 12பை²/3 = 4பை². சோதனையிலிருந்து செலவு எதுவும் இல்லை.

இப்போது வ-வை இயல்பாக்குங்கள்: வ²/ழ-வின் தொகை சுவர் வரை 1 ஆக வேண்டும். எடையில் உள்ள 1/ழ-வை மறப்பது அடிக்கடி காணும் பிழை. பிறகு எல்லையில் வ″-ஐ எடுத்து க-வால் வகுங்கள். அதுதான் ரோவின் சிதைவு மாறிலி.

கையாலேயே போடலாம். வ″(0) = √2 × 775.3 × 322.4 / பெ₁(2.405), அந்தப் பெசலின் மதிப்பு 0.519. க = 6.283. விடை சுமார் 1,08,400 எம்இவி². வர்க்கமூலம் 329 எம்இவி. சோதனை மதிப்பின் வர்க்கமூலம் சுமார் 345.

ஒரே ஓர் எண்ணைக் கொடுத்து இதைப் பெற்றிருக்கிறோம், அது பெரிய விஷயம்தான். ஆனால் கட்டுரைகளில் வர்க்கமூலம்தான் அட்டவணையில் இருக்கும். அதில் பிழை 5 விழுக்காடாகத் தெரியும். சிதைவு மாறிலியிலேயே பார்த்தால் பிழை 9 விழுக்காடு. வர்க்கமூலம் எடுத்தால் விழுக்காடு பாதியாகும். மாதிரிகளை ஒப்பிடும்போது எந்த அளவில் பிழை சொல்லப்படுகிறது என்று பாருங்கள்.

## 9. பையானையும் ஏ1 மேசானையும் சேருங்கள்

இடக்கை, வலக்கைக் குவார்க்குகளைத் தனித்தனியே மாற்றும் கைரல் சமச்சீர் உடைவதால்தான் பையான் இவ்வளவு இலேசாகவும், ஏ1 மேசான் ரோவைவிடக் கனமாகவும் இருக்கின்றன. இதைக் கொண்டுவர நான்காவது படியின் ஸ்கேலார் புலம் வேண்டும். அதன் பின்னணி மதிப்பு:

பி = கு ழ + சி ழ³

கு என்பது குவார்க்கின் நிறை, நாம் வெளியிலிருந்து கொடுப்பது. சி என்பது கண்டன்சேட், வெற்றிடம் தானாக எடுக்கும் மதிப்பு. கடினச் சுவரில் இரண்டும் தனித்தனி எண்கள்.

ஏ1-க்கான சமன்பாட்டில் ஓர் உறுப்பு கூடுகிறது:

அ″ − அ′/ழ + நி² அ − க² பி² அ/ழ² = 0

ஏழாவது படியின் நிரலில் ஒரு வரி சேர்த்தால் போதும். அந்தக் கூடுதல் உறுப்பு சுவரருகே அலையைத் தள்ளுகிறது, அதனால் நிறை ஏறுகிறது. ரோவின் சமன்பாட்டில் அது வராது, ஏனென்றால் ஐசோஸ்பின் சமச்சீர் உடைவதில்லை. சி-யைப் பூச்சியத்திலிருந்து மெல்ல ஏற்றிக்கொண்டே ஏ1-இன் நிறையை வரைந்து பாருங்கள். சி = 0-இல் அது ரோவோடு ஒட்டியிருக்கும், பிறகு பிரிந்து மேலே போகும். கைரல் சமச்சீர் உடைவது என்றால் என்ன என்பது அந்த ஒரு வரைபடத்தில் தெரிந்துவிடும்.

வரிசை இங்கே மிக முக்கியம். முதலில் கு = 0 வைத்து, நி = 0-இல் எல்லையில் அ = 1, சுவரில் அ′ = 0 என்று தீர்த்து, எல்லையில் −அ′/ழ-வை க²-ஆல் வகுத்துப் பையான் சிதைவு மாறிலியின் வர்க்கத்தைப் பெறுங்கள். அது 92.4 எம்இவிக்குப் பொருந்தும்படி சி-யைச் சரிசெய்யுங்கள். அதன் பிறகே கு-வைக் கொண்டுவந்து பையானின் நிறையான 139.6-க்குப் பொருத்துங்கள். இரண்டையும் ஒன்றாகத் தேடினால் நிரல் அலையும். கு-வின் பாதிப்பு சி-யுடையதைவிட மிகச் சிறியது.

கிடைக்க வேண்டியவை: கு = 2.29 எம்இவி, சி = 327 எம்இவியின் கனம். சரிபார்க்க ஒரு வழி உண்டு. பையான் நிறையின் வர்க்கம் × சிதைவு மாறிலியின் வர்க்கம் ≈ 2 × கு × சி. இடப்புறம் 1.66 × 10⁸, வலப்புறம் 1.60 × 10⁸. நான்கு விழுக்காட்டுக்குள் ஒத்துப்போகிறது. இந்தச் சமன்பாட்டை நாம் உள்ளே வைக்கவில்லை. சமச்சீரைச் சரியாக வைத்ததால் தானாக வந்தது.

செலவு இப்போது மூன்று: ரோ நிறை, பையான் நிறை, பையான் சிதைவு மாறிலி. வரவில் ஏ1-இன் நிறை 1363 எம்இவி (சோதனை 1230), ஏ1 சிதைவு மாறிலியின் வர்க்கமூலம் 486 (சோதனை 433), ரோ இரண்டு பையானாக உடையும் இணைப்பெண் 4.48 (சோதனை 6.03).

கடைசி எண்ணைக் கூர்ந்து பாருங்கள். அகலம் இணைப்பெண்ணின் வர்க்கத்தைப் பொறுத்தது. 4.48-ஐ வைத்தால் ரோவின் அகலம் 149-க்குப் பதில் 82 எம்இவிதான் வரும். இந்த எளிய மாதிரி ஏறக்குறைய பாதியளவு தவறுவது இங்கேதான். இதைக் குறிப்பிடாமல் நிறைகளை மட்டும் அட்டவணையில் போடுவது நேர்மையாகாது.

மூன்றைப் பொருத்தி மற்றதைக் கணிப்பது ஒரு முறை. எல்லாவற்றையும் சேர்த்துப் பிழையைக் குறைப்பது இன்னொரு முறை. இரண்டாவதில் ஏ1 1220 என்று அழகாக வரும், ஆனால் ரோ 832-க்கும் பையான் சிதைவு மாறிலி 84-க்கும் போய்விடும். ஒன்றிலிருந்து ரோவையும் மற்றதிலிருந்து ஏ1-ஐயும் எடுத்து ஒரே அட்டவணையில் வைக்காதீர்கள்.

அப்புறம், இந்த கு, சி மதிப்புகளை லாட்டிஸ் கணக்கின் குவார்க் நிறையோடும் கண்டன்சேட்டோடும் நேரடியாக ஒப்பிடக் கூடாது. ஸ்கேலார் புலத்தின் இயல்பாக்கத்தில் √3/2பை என்ற காரணி ஒன்று ஒளிந்திருக்கிறது. கு-வும் சி-யும் எதிரெதிராக அதனால் மாறும், பெருக்கல்தொகை மாறாது. ஒப்பிடுவதானால் பெருக்கல்தொகையை ஒப்பிடுங்கள்.

## 10. மென்சுவர்: உயர் நிலைகள் வேண்டுமென்றால்

நிறையின் வர்க்கம் சீராக ஏற வேண்டுமானால் வெட்டுக்குப் பதிலாக மெல்ல மங்கும் எடை ஒன்றை ஆக்‌ஷனில் வைக்க வேண்டும்: அடுக்குக்குறிச் சார்பில் −ம²ழ². 2006-இல் வந்த மென்சுவர் மாதிரி இது. மாறியை மாற்றி எழுதினால் ஷ்ரோடிங்கர் வடிவம் கிடைக்கும், அதன் நிலையாற்றல் ம⁴ழ² + 3/(4ழ²). இரு பரிமாண ஹார்மானிக் அலைவியில் கோண உந்தம் 1 கொண்ட நிலைகள்தான் இவை. எனவே நிறையின் வர்க்கம் 4ம², 8ம², 12ம² என்று போகும்.

இங்கே சுவர் நிபந்தனை இல்லை, தொலைவில் தீர்வு அடங்க வேண்டும் என்பதே நிபந்தனை. எல்லையிலிருந்து கிளம்பி வெகுதூரம் தொகையிட்டால் எண்பிழை பெருகி வெடிக்கும். ம × ழ = 6 வரை போதும். அல்லது இரு புறமிருந்தும் வந்து நடுவில் ஒட்டுங்கள். நிரல் சரியென்றால் நி²/ம² 4, 8, 12 என்று வரும்.

எண்களைப் போட்டுப் பார்ப்போம். ரோவைப் பொருத்தினால் ம = 388 எம்இவி, அடுத்த நிலை 1096. சோதனை 1465. கடினச் சுவரைவிடப் பெரிய பிழை! 775, 1465, 1720 மூன்றையும் சேர்த்துப் பொருத்தினால் 992, 1402, 1718 என்று வருகிறது. மேலிரண்டும் நன்றாக அமர, ரோ கெட்டுவிடுகிறது. 1720-இல் உள்ள நிலை சுற்றுப்பாதை இயக்கத்தால் வந்தது என்ற கருத்தும் வலுவாக உண்டு. அப்படியானால் அது இந்த வரிசையிலேயே சேராது. எந்த நிலைகளைச் சேர்த்தீர்கள் என்பதை எண்ணோடு சேர்த்தே எழுதுங்கள்.

இன்னொரு குறை. எளிய மென்சுவரில் சி தனி எண்ணாக இருப்பதில்லை; கு-வோடு கட்டுண்டுவிடுகிறது. குவார்க் நிறை பூச்சியமானால் கண்டன்சேட்டும் பூச்சியமாகிவிடும். க்யூசிடியில் அப்படி ஆகாது. பையானைப் படிக்க வேண்டுமானால் கடினச் சுவரிலேயே இருங்கள், அல்லது ஸ்கேலாருக்கு நான்காம் அடுக்கு உறுப்பைச் சேர்த்த விரிவாக்கங்களுக்குப் போங்கள்.

## 11. வெப்பம் ஏற்றுங்கள்

வெப்பநிலை வேண்டுமென்றால் வெளிக்குள் ஒரு கருந்துளையை வைக்க வேண்டும். அதன் தொடுவானம் ழ_க ஆழத்தில் இருந்தால் வெப்பநிலை 1/(பை ழ_க). ஒரே வெப்பநிலைக்கு இரண்டு வெளிகள் போட்டியிடும்: சுவர் மட்டும் உள்ளது, கருந்துளை உள்ளது. எதன் கட்டற்ற ஆற்றல் குறைவோ அதுவே வெல்லும். சுவர் வெளி வென்றால் குவார்க்குகள் அடைபட்டிருக்கின்றன, கருந்துளை வென்றால் பிளாஸ்மா.

தொடுவானம் சுவருக்கு முன்னால் வந்ததுமே மாற்றம் நடந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். கட்டற்ற ஆற்றலைக் கணக்கிட்டால் ழ_க⁴ < ழ₀⁴/2 என்ற நிபந்தனை வரும். தொடுவானம் இன்னும் மேலே ஏறியாக வேண்டும். இரண்டு ஆற்றல்களும் தனித்தனியே முடிவிலிக்குப் போகும். கழிக்கும்போது எல்லையருகே இரண்டு வெளிகளின் காலச் சுற்றளவும் ஒன்றாக இருக்கும்படி ஒரு சிறு திருத்தம் செய்ய வேண்டும். அதை விட்டால் 2 என்ற காரணி தவறாக வரும்.

கடினச் சுவரில் மாறும் வெப்பநிலை 2-இன் நான்காம் மூலம் / (பை ழ₀), அதாவது 122 எம்இவி. மென்சுவரில் ரோ நிறையின் 0.246 மடங்கு, 191 எம்இவி. லாட்டிஸ் கணக்கு சொல்வது சுமார் 156.5 எம்இவி.

இரண்டின் சராசரியைப் போட்டுப் பார்த்தால் 156.5 வரும். இதை யாராவது ஒருவர் உற்சாகத்தோடு எடுத்துக்கொண்டு வருவார். வரவில் எழுத வேண்டாம். இரண்டு மாதிரிகளும் கணக்கிடுவது தண்ணீர் கொதிப்பது போன்ற திடீர் மாற்றத்தை. நிறங்கள் மிகப் பல என்று கொண்டதன் விளைவு அது. மூன்று நிறமும் இலேசான குவார்க்குகளும் உள்ள உண்மை க்யூசிடியில் மாற்றம் வழுவழுப்பாக, ஒரு வெப்பநிலை இடைவெளி முழுவதும் பரவி நடக்கிறது. 122-க்கும் 191-க்கும் உள்ள வித்தியாசம், சுவரின் வடிவத்தை எவ்வளவு நம்பியிருக்கிறோம் என்பதன் அளவு.

சுவரை நம்பாத அளவு ஒன்று வேண்டுமென்றால், அதே கருந்துளையில் பாகுத்தன்மைக்கும் என்ட்ரோபி அடர்த்திக்கும் உள்ள விகிதத்தைக் கணக்கிடுங்கள். இயல்பு அலகில் 1/4பை, சுமார் 0.08. ழ₀ அதில் வராது, ம-வும் வராது. செலவுப் பக்கம் காலியாக இருக்கும் எண் அது.